விமானத்தில் ஏறிய செம்பனை எண்ணெய்: பெட்ரோலிய ஆலைக்குள் நடப்பது என்ன?

2023 அக்டோபர் 27ஆம் தேதி ஜகார்த்தாவிலிருந்து சோலோ நகருக்குக் கருடா இந்தோனேசியாவின் போயிங் 737 விமானம் ஒன்று பயணிகளுடன் பறந்தது. வழக்கமான தடம், வழக்கமான பயணம்தான். ஆனால் அதில் நிரப்பிய எரிபொருளைத் தயாரித்தபோது, பெட்ரோலியத்தோடு 2.4 விழுக்காடு செம்பனைப் பருப்பு எண்ணெயும் சேர்க்கப்பட்டிருந்தது. செம்பனைப் பழத்தின் கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கிறதே, அந்தப் பருப்பைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய். இந்தோனேசிய அரசின் எண்ணெய் நிறுவனமான பெர்த்தாமினா, ஜாவாவின் தென்கரையிலுள்ள சிலாச்சாப் சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்தது.

இதற்காகப் பெர்த்தாமினா தனியாக ஓர் ஆலை கட்டவில்லை. விமான எண்ணெயைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அதே கலனுக்குள் செம்பனைப் பருப்பு எண்ணெயையும் சிறிதளவு கலந்து செலுத்தினார்கள். மறுமுனையில் வந்தது வழக்கமான விமான எண்ணெய். எது மண்ணுக்கடியிலிருந்து வந்தது, எது மரத்திலிருந்து வந்தது என்று பார்வைக்குத் தெரியாது. பெட்ரோலியத்தையும் தாவர எண்ணெயையும் ஒரே ஆலையில் ஒன்றாகச் சுத்திகரிக்கும் இந்த முறையை இணைச் சுத்திகரிப்பு என்று சொல்லலாம்.

நமக்கும் இது அக்கம்பக்கத்துச் செய்திதான். மலாக்கா நீரிணையின் மறுகரையில், ரியாவ் மாநிலத்தின் டுமாய் துறைமுகத்திலும் பெர்த்தாமினாவுக்கு ஓர் ஆலை இருக்கிறது. அங்கே 2019இல் டீசலோடு செம்பனை எண்ணெயைச் சேர்த்துச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். 2020 ஜூலையில் பெட்ரோலியமே இல்லாமல், முழுக்கச் செம்பனை எண்ணெயை மட்டும் செலுத்தி, 'டி100' என்ற பெயரில் நாளுக்கு 1,000 பீப்பாய் அளவில் சோதனை முறையில் டீசல் எடுத்தார்கள். அதற்கான வினையூக்கியைப் பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்துடன் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டவர்களுக்கும் இதைப் படித்ததும் ஒரு கேள்வி எழும். நம் குலைக்கு இதனால் கூடுதல் விலை கிடைக்குமா? அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. முதலில் ஆலைக்குள் போய்ப் பார்ப்போம். பிறகு ஆலைக்கு வெளியே வருவோம். கதையின் முக்கியமான பகுதி வெளியேதான் இருக்கிறது.

பி10 வேறு, இது வேறு

மலேசியாவில் எண்ணெய் நிலையத்தில் டீசல் போடுபவர் ஏற்கெனவே செம்பனை எண்ணெயைத்தான் சிறிதளவு போடுகிறார். 2011இல் பி5 என்று தொடங்கி, பி7 ஆகி, 2019இலிருந்து பி10 ஆனது. பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல், மீதி பெட்ரோலிய டீசல். 2020இல் லங்காவியில் பி20 தொடங்கியது.

இந்தப் பயோடீசல் பெட்ரோலிய ஆலையில் தயாராவது அல்ல. செம்பனை எண்ணெயோடு மெத்தனால் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிளிசரின் தனியே பிரியும், மீதியாக நிற்பது பயோடீசல். வேலை எளிது, செலவும் குறைவு. ஆனால் எண்ணெயில் இருந்த ஆக்சிஜன் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் பயோடீசல் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கெடும், குளிரில் இறுகும். விமானத்தில் இதைப் போட முடியாது. லாரியிலும் கலப்பு விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனால் இயந்திர நிறுவனங்கள் தயங்குகின்றன.

இணைச் சுத்திகரிப்பில் அந்த ஆக்சிஜனை முழுவதும் பிடுங்கிவிடுகிறார்கள். அதன்பின் மிஞ்சுவது தாவர எண்ணெயே அல்ல. அது டீசல், அல்லது விமான எண்ணெய்.

கலனுக்குள் நடப்பது

ஒரு செம்பனை எண்ணெய் மூலக்கூற்றை மூன்று பல் கொண்ட சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் முதுகு கிளிசரால். மூன்று பற்களும் நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள். ஒவ்வொரு பல்லிலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். பெட்ரோலிய டீசலில் இருப்பவையும் ஏறத்தாழ இதே நீளமுள்ள கார்பன் சங்கிலிகள்தாம். ஆகவே பல்லை முதுகிலிருந்து பிரித்து, ஒட்டியிருக்கும் ஆக்சிஜனை நீக்கினால் வேலை முடிந்தது.

பெட்ரோலிய ஆலைகளில் இதற்கான கருவி பல பத்தாண்டுகளாகவே உண்டு. டீசலில் உள்ள கந்தகத்தை அகற்ற, ஹைட்ரஜன் வாயுவையும் டீசலையும் சேர்த்து 300 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மிக உயர்ந்த அழுத்தத்தில், வினையூக்கி நிரப்பிய உருக்குக் கலனுக்குள் செலுத்துவார்கள். கோபால்ட், நிக்கல், மாலிப்டினம் ஆகிய உலோகங்கள் பூசிய சிறு மணிகளே அந்த வினையூக்கி. அங்கே ஹைட்ரஜன் கந்தகத்தைக் கவர்ந்துகொண்டு வெளியேறும். அதே கலனுக்குள் செம்பனை எண்ணெயும் வந்தால், அதே ஹைட்ரஜன் ஆக்சிஜனையும் கவர்ந்துகொள்ளும்.

ஆக்சிஜன் இரண்டு வழியில் வெளியேறுகிறது. ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகப் போகலாம். அப்போது சங்கிலியின் நீளம் குறையாது. அல்லது ஒரு கார்பனையும் இழுத்துக்கொண்டு கரியமில வாயுவாகப் போகலாம். அப்போது 16 கார்பன் 15 ஆகும், 18 கார்பன் 17 ஆகும். சீப்பின் முதுகாக இருந்த கிளிசரால் புரோப்பேன் வாயுவாக மாறுகிறது. நம் வீட்டுச் சமையல் எரிவாயுத் தோம்பில் இருக்கும் அதே புரோப்பேன்தான். நூறு கிலோ எண்ணெய் உள்ளே போனால் எண்பது கிலோவுக்குச் சற்று மேலே எரிபொருள், ஏறக்குறைய ஐந்து கிலோ புரோப்பேன், மீதி நீரும் கரியமில வாயுவும்.

இப்படிக் கிடைக்கும் டீசலின் தரத்தில் குறையில்லை. டீசல் எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்கிறது என்பதை அளக்கும் சீட்டேன் எண்ணில் 100 என்பதே, 16 கார்பன் கொண்ட நேர்ச் சங்கிலிக்கு வழங்கிய மதிப்பு. செம்பனை எண்ணெய் தருவது பெரும்பாலும் அந்தச் சங்கிலியையும் அதன் நெருங்கிய உறவுகளையும்தான்.

பருப்பு எண்ணெயை ஏன் எடுத்தார்கள்?

சிலாச்சாப்பில் சாதாரணச் செம்பனை எண்ணெயை விட்டுவிட்டுப் பருப்பு எண்ணெயைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. விமான எண்ணெய்க்கு வேண்டியது 8 முதல் 16 கார்பன் வரையிலான குட்டைச் சங்கிலிகள். செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து வரும் எண்ணெயில் 16, 18 கார்பன் சங்கிலிகளே நிறைந்திருக்கின்றன. அவற்றை நறுக்கிக் குட்டையாக்க வேண்டும். நறுக்கும்போது சேதாரமும் உண்டு. பருப்பு எண்ணெயிலோ பாதிக்குப் பாதி 12 கார்பன் சங்கிலி. தேங்காய் எண்ணெயும் இந்தக் குணம் கொண்டதே. நறுக்காமலே விமான எண்ணெய்க்குப் பொருந்திவிடும்.

ஒரே குலைக்குள் லாரிக்கு ஏற்ற எண்ணெய் ஒன்றும் விமானத்துக்கு ஏற்ற எண்ணெய் ஒன்றும் இருக்கின்றன. தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டிய கைகளுக்கு இது வியப்பான செய்தியாகத்தான் இருக்கும்.

குளிரும் ஒரு சிக்கல். 16 கார்பன் நேர்ச் சங்கிலி 18 பாகையிலேயே மெழுகாக உறைந்துவிடும். 18 கார்பன் சங்கிலி 28 பாகையில் உறையும், அதாவது நம் ஊர் மழைக்கால இரவிலேயே. விமான எண்ணெய் மைனஸ் 47 பாகை வரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நேராக நிற்கும் சங்கிலியைக் கிளை விட்டதுபோல் வளைத்தால் உறையும் வெப்பநிலை இறங்கும். அதற்கு இன்னொரு கலனும் இன்னொரு வினையூக்கியும் தேவை. சிறிதளவு மட்டும் கலக்கும்போது, கூட இருக்கும் பெட்ரோலியம் இந்தக் குறையை ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

ஏன் ஐந்து விழுக்காடு?

2018இல் அனைத்துலகத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்., விமான எண்ணெய் தயாரிக்கும்போது தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றை 5 விழுக்காடு வரை சேர்த்துச் சுத்திகரிக்க அனுமதி அளித்தது. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம்.

பாதுகாப்பில் எச்சரிக்கை ஒரு காரணம். ஆலைக்காரர்களின் சங்கடம் இன்னொரு காரணம். தாவர எண்ணெயிலிருந்து ஆக்சிஜன் பிரியும்போது பெரும் வெப்பம் வெளிப்படுகிறது. கந்தகம் நீக்குவதற்கென்று வடிவமைத்த கலன் அவ்வளவு சூட்டை எதிர்பார்த்துக் கட்டியதல்ல. ஹைட்ரஜன் தேவையும் பல மடங்கு கூடுகிறது. அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதால், அதற்கும் கரியமில வாயுக் கணக்கு உண்டு. கலனில் உருவாகும் நீரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் அமிலம். அது குழாய்களை அரிக்கும்.

இதையெல்லாம்விட மோசமானது எண்ணெயில் கலந்திருக்கும் அழுக்கு. ஆலையிலிருந்து வரும் சிவப்பு எண்ணெயில் பாஸ்பரஸும் இரும்பும் சிறிதளவு இருக்கும், தனித்த கொழுப்பு அமிலமும் இருக்கும். பல கோடி மதிப்புள்ள வினையூக்கியின் நுண்துளைகளைப் பாஸ்பரஸும் இரும்பும் அடைத்துவிடும். கொழுப்பு அமிலம் கலனுக்குப் போகும் குழாய்களையே தின்னும். ஆகவே பசை நீக்கி, வெளுத்து, வாடை போக்கிய எண்ணெயைத்தான் உள்ளே விடுகிறார்கள். அதாவது கடைத்தட்டில் சமையல் எண்ணெயாக நிற்கக்கூடிய தரம்.

டீசலுக்கு அவ்வளவு கண்டிப்பில்லை. சுவீடனில் பிரீம் நிறுவனம் 2010இலிருந்து கோத்தன்பர்க் ஆலையில், காகித ஆலைகளில் பைன் மரத்திலிருந்து பக்கப்பொருளாகக் கிடைக்கும் எண்ணெயை டீசலோடு சேர்த்துச் சுத்திகரிக்கிறது. பிரேசிலின் பெட்ரோபிராஸ் சோயா எண்ணெயைச் சேர்க்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் செர்ரி பாயிண்ட் ஆலையில் மாட்டுக் கொழுப்பு. ஊருக்கு ஊர் எது மலிவாக, நிறையக் கிடைக்கிறதோ அதுதான் கலனுக்குள் போகிறது.

உண்டியல் கணக்கு

தயாரான எரிபொருளில் தாவரப் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கார்பன் மிகச் சிறு அளவில் உண்டு. ஒளிச்சேர்க்கையின்போது மரம் அதையும் எடுத்துக்கொள்கிறது. அதன் அளவு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் துளியும் மிஞ்சியிருக்காது. எரிபொருளில் கார்பன் 14 எவ்வளவு என்று அளந்தால் தாவரப் பங்கு தெரிந்துவிடும். பழங்கால எலும்பின் வயதைக் கணிக்கும் அதே முறை.

ஆனால் ஒரே ஆலையிலிருந்து டீசல், விமான எண்ணெய், எரிவாயு என்று பலவும் வெளியே போகும்போது ஒவ்வொரு துளியையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் ஒதுக்குகிறார்கள். கோயில் உண்டியலில் நீங்கள் போட்ட பத்து ரிங்கிட் தாள் அன்னதானத்துக்குப் போனதா, மின்கட்டணத்துக்குப் போனதா என்று யாராலும் காட்ட முடியாது. உபயம் எழுதும் புத்தகத்தில் அன்னதானம் என்று எழுதிக்கொள்ளலாம். இதுவும் அப்படித்தான். பச்சை எரிபொருள் வாங்கியதாகச் சொல்லும் விமான நிறுவனத்தின் தொட்டியில் அந்தத் துளி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கணக்கு நேர்மையாக இருந்தால் போதும்.

அந்தக் கணக்கில் கார்பன் 14 ஒரு விஷயத்தைச் சொல்லாது. மரத்தின் எண்ணெயா, மண்ணெண்ணெயா என்று சொல்லும். எந்த மரத்தின் எண்ணெய், எந்த நிலத்தில் விளைந்தது, புதியதா, ஒருமுறை முறுக்குச் சுட்டதா என்று சொல்லாது. கூடுதல் விலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதில்தான் தீர்மானமாகிறது.

ஆலைக் குளத்தில் தொலையும் லாபம்

செம்பனை மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து எண்ணெயாக்குகிறது. அதை எரித்தால் அதே வாயு காற்றுக்குத் திரும்புகிறது. போனது வந்தது சமம் என்றால் காற்றில் கூடுதல் சுமை இல்லை. தத்துவம் இவ்வளவுதான். நடைமுறையில் உரம், லாரி, ஆலைக் கொதிகலன், ஹைட்ரஜன் என்று வழிநெடுகச் செலவு இருக்கிறது. செம்பனையைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் மிஞ்சும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று நிலம். மற்றொன்று ஆலைக்குப் பின்னால் இருக்கும் குளம்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று திரும்பினால் லயம் முழுக்க அந்த வாடைதான். ஒரு டன் குலையை வேகவைத்துப் பிழிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய். அதோடு அரை டன்னுக்கும் மேலாகக் கொதிக்கக் கொதிக்கக் கழிவுநீரும் வருகிறது. பழுப்பு நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு அது திறந்த குளங்களில் தேங்குகிறது. காற்றுப் புகாத அடியாழத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கக்கூடியது.

அனைத்துலக விமானப் போக்குவரத்துக்கென ஐ.நா.வின் சிவில் விமான அமைப்பு கோர்சியா என்ற திட்டத்தை நடத்துகிறது. அதில் ஒவ்வொரு எரிபொருளுக்கும் ஒரு புள்ளி தந்திருக்கிறார்கள். ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்ற கணக்கு. சாதாரண விமான எண்ணெய்க்கு 89. தாவர எண்ணெயை மட்டும் ஹைட்ரஜன் சேர்த்து விமான எண்ணெயாக்கும் முறையில், பயன்படுத்திய சமையல் எண்ணெய்க்கு 13.9. மலேசிய, இந்தோனேசியச் செம்பனை எண்ணெய்க்கு ஆலைக் குளம் மூடப்பட்டு மீத்தேன் பிடிக்கப்பட்டால் 76.5. குளம் திறந்து கிடந்தால் 99.1.

இன்னொரு முறை படியுங்கள். குளம் திறந்திருந்தால் செம்பனை எரிபொருள் பெட்ரோலியத்தைவிட மோசம் என்பது அந்தப் புள்ளியின் பொருள். பெட்ரோலியத்தைவிடக் குறைந்தது 10 விழுக்காடு குறைந்தால்தான் கோர்சியாவில் இடம் உண்டு, அதாவது 80.1க்குக் கீழே வர வேண்டும். குளத்தை மூடினால் நூலிழையில் தேறுகிறது. திறந்திருந்தால் தேறவில்லை. மரமும் அதே, எண்ணெயும் அதே, சுத்திகரிப்பும் அதே. ஒரு மூடி மட்டுமே வேறுபாடு.

இந்த இரண்டு செம்பனைப் புள்ளிகளிலும் 39.1, காடழிப்புக்காக ஏற்றிய கற்பிதக் கணக்கு. உணவுக்குப் போக வேண்டிய எண்ணெய் எரிபொருளுக்குப் போனால், வேறெங்கோ புதிதாகக் காடு அழிக்கப்படும் என்ற வாதத்தில் போட்ட சுமை. ஐரோப்பிய ஒன்றியமும் இதே வாதத்தில் 2030க்குள் செம்பனை அடிப்படையிலான எரிபொருளைத் தன் இலக்குக் கணக்கிலிருந்து முற்றாக நீக்குகிறது. நூறாண்டாகச் செம்பனையோ ரப்பரோ விளைந்த நிலத்துக்கும், நேற்று வெட்டிய காட்டுக்கும் ஒரே சுமை ஏற்றுவது நியாயமா என்ற மலேசியாவின் கேள்வியில் எனக்கு உடன்பாடு உண்டு. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயரிலேயே தமிழ் ஒட்டியிருக்கும் அந்த மண்ணில் எந்தக் காட்டை இனி அழிக்கப் போகிறார்கள்? ஆனால் குளத்து விஷயத்தில் நம் பக்கம் சொல்வதற்கு அதிகமில்லை. 2014இலிருந்து புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்க வேண்டும் என்று செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. நாட்டில் ஏறத்தாழ 450 ஆலைகள் இருக்க, மீத்தேன் பிடிக்கும் ஆலைகள் பாதியைக்கூட எட்டவில்லை. பிடித்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கலாம், கொதிகலனுக்கும் தரலாம். தொழில்நுட்பம் பழையதுதான். முதல் போட மனமில்லாததும், தொலைவிலுள்ள ஆலையிலிருந்து மின்கம்பி இழுக்கும் செலவும்தான் தடை.

இந்தப் புள்ளிகள் தாவர எண்ணெயைத் தனியாகச் சுத்திகரிக்கும் ஆலைக்கு உரியவை. பெட்ரோலியத்தோடு சேர்த்துச் சுத்திகரித்தால் எண்கள் சற்று மாறும். எது மேலே, எது கீழே என்ற வரிசை மாறாது.

வடைச் சட்டிக்கு வந்த மவுசு

பயன்படுத்திய சமையல் எண்ணெய்க்கு 13.9 என்ற புள்ளி எப்படி வந்தது? அதை விளைவித்த நிலம், போட்ட உரம், ஆலைக் குளம் எல்லாவற்றின் பாவமும் முதல்முறை பொரித்தபோதே கழிந்துவிட்டது என்பது கணக்கு. எஞ்சிய கறுப்பு எண்ணெய் கழிவு. கழிவுக்குப் பாவமில்லை. ஐரோப்பாவில் அதற்கு மேலும் ஒரு சலுகை உண்டு. கழிவிலிருந்து செய்த எரிபொருளை இலக்குக் கணக்கில் இரட்டிப்பாகக் காட்டிக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு வழிவகை இருந்து வந்தது.

பெர்த்தாமினாவே திசை மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஜகார்த்தாவிலிருந்து பாலிக்குப் பெலித்தா ஏர் விமானம் ஒன்று, அதே சிலாச்சாப் ஆலையில் இணைச் சுத்திகரிப்பில் தயாரான எரிபொருளுடன் பறந்தது. இம்முறை உள்ளே போனது பருப்பு எண்ணெய் அல்ல, பயன்படுத்திய சமையல் எண்ணெய். ஆலை அதே, முறை அதே. மாறியது சந்தை கேட்கும் சான்றிதழ்.

இங்கேதான் கோளாறும் தொடங்குகிறது. மலேசியாவில் உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயின் விலை 2 ரிங்கிட் 50 சென். பயன்படுத்திய எண்ணெய்க்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை பல நேரங்களில் அதைத் தாண்டியிருக்கிறது. பொரித்த எண்ணெய் பொரிக்காத எண்ணெயைவிட விலை போனால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாக்கெட்டைப் பிரித்துப் பழைய எண்ணெயோடு ஊற்றிவிடலாம். 2024இல் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று, மலேசியா ஏற்றுமதி செய்யும் பழைய எண்ணெய் உள்நாட்டில் சேகரிக்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாக இருப்பதாகக் கணக்குக் காட்டியது. ஆலைக் குளத்தில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து விற்பதிலும் இதே சந்தேகம் உண்டு. 2025 ஜனவரியில் இந்தோனேசியா பழைய சமையல் எண்ணெய், குளத்து எண்ணெய் ஆகிய இரண்டின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு போட்டது. கழிவென்ற பெயரில் நல்ல எண்ணெயே கப்பலேறுகிறது என்பது அந்நாட்டு அரசு சொன்ன காரணங்களுள் ஒன்று.

இதில் பாதிக்கப்படுவது யார்? உதவித்தொகை எண்ணெய் கிடைக்காமல் கடை கடையாக ஏறி இறங்கும் குடும்பம் முதலில். அடுத்து, நேர்மையாகப் பழைய எண்ணெய் சேகரிக்கும் சிறு வியாபாரி. மோசடி அம்பலமானால் வாங்கும் நாடுகள் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாருக்கும் கதவைச் சாத்தும். உண்மையில் காடு அழியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பாக்கெட் எண்ணெய் எரிபொருளாகப் போனால், அந்த இடத்தை நிரப்ப வேறு எண்ணெய் விளைய வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அது குழாயில் இறுகி அடைப்பாகிறது. ஆறவைத்து, வடிகட்டி, பழைய எண்ணெய்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் சேகரிப்பாளர் வாங்கிக்கொள்வார். கோயில் அன்னதானக் கூடம், வாழையிலை உணவகம், பாசார் மாலாம் கடை என்றால் அளவு கணிசம். கறுத்த எண்ணெயில் மறுபடி மறுபடி பொரிப்பதும் குறையும்.

ஜொகூரில் என்ன, சிங்கப்பூரில் என்ன?

பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்லினா ஆகிய மூன்றும் சேர்ந்து ஜொகூர் பெங்கேராங்கில் தனி உயிரி எரிபொருள் ஆலை ஒன்றைக் கட்டுகின்றன. 2024இல் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். 2028இன் பிற்பாதியில் முடிக்கத் திட்டம். ஆண்டுக்கு 650,000 டன் மூலப்பொருளைக் கையாளும். இது இணைச் சுத்திகரிப்பு அல்ல, தாவர எண்ணெய், கொழுப்பு வகைகளுக்கென்றே கட்டும் ஆலை. மூலப்பொருளாக அறிவித்திருப்பவை பயன்படுத்திய எண்ணெய், விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய்ப் பதனீட்டில் மிஞ்சும் கழிவு. உலகின் மிகப் பெரிய செம்பனை நாடுகளுள் ஒன்று, தன் கரையில் கட்டும் ஆலைக்குப் புதிய செம்பனை எண்ணெயை முன்னிறுத்தவில்லை. வாங்குபவர் யார் என்பதை மனத்தில் வைத்து எடுத்த முடிவு இது என்பது தெளிவு.

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் துவாஸில் பின்லாந்தின் நெஸ்டே 2010இலிருந்து ஆலை நடத்துகிறது. 2023இல் விரிவாக்கியபின் அதன் ஆண்டுக் கொள்ளளவு 26 லட்சம் டன். அதில் 10 லட்சம் டன் வரை விமான எரிபொருளாக இருக்கலாம். 2022 ஜூன் 5இல் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு இத்தகைய எரிபொருளைக் கலந்து மலேசியா ஏர்லைன்ஸ் தன் முதல் பயணிகள் சேவையை நடத்தியபோது, எரிபொருள் நெஸ்டேயிடமிருந்தே வந்தது. சாங்கியிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு 2026இலிருந்து 1 விழுக்காடு இத்தகைய எரிபொருள் என்பது சிங்கப்பூரின் இலக்கு. அதற்கான கட்டணத்தைப் பயணச்சீட்டிலேயே வசூலிக்கப்போவதாக அறிவித்தார்கள். சாதாரண வகுப்பில் பேங்காக் போக ஒரு வெள்ளி, லண்டன் போக 6 வெள்ளி 40 காசு. மலேசியாவின் எரிசக்தி மாற்றத் திட்டம் 1 விழுக்காட்டில் தொடங்கி 2050க்குள் 47 விழுக்காடு என்று சொல்கிறது.

தனி ஆலைக்குப் பல நூறு கோடி ரிங்கிட் முதலீடும் ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். இணைச் சுத்திகரிப்புக்கு ஒரு தொட்டி, ஒரு பம்பு, சில குழாய்கள், கொஞ்சம் நல்ல வினையூக்கி போதும். இப்போதே தொடங்கலாம் என்பது அதன் பலம். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக நகராது, மீதி 95ம் பெட்ரோலியமே என்பது பலவீனம். பழைய பெட்ரோலிய ஆலையின் ஆயுளை நீட்டிக்கப் பச்சைச் சாயம் பூசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. இருந்தாலும் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பீப்பாய் ஓடும் ஆலையில் ஐந்து விழுக்காடு என்பது சிறு அளவல்ல.

குலைக்கு விலை ஏறுமா?

மலேசியச் செம்பனைப் பரப்பில் கால்பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. எரிபொருளுக்குப் போகும் ஒவ்வொரு டன்னும் சந்தையில் எண்ணெயைக் குறைப்பதால், விலைக்கு ஒரு தாங்கல் கிடைப்பது உண்மை. இந்தோனேசியா தன் டீசலில் 40 விழுக்காடு பயோடீசல் கலக்கத் தொடங்கியது உலக விலையிலும் தெரிகிறது. ஆனால் 'பசுமை' என்ற பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை புதிய எண்ணெயைத் தேடி வருவதில்லை. அது பழைய எண்ணெய் வியாபாரியிடமும் குளத்து எண்ணெய் வாங்குபவரிடமும் போகிறது. குலை வெட்டுபவருக்கும் உதிரிப்பழம் பொறுக்குபவருக்கும் நாள் சம்பளத்தில் அதனால் ஏதும் கூடியதாகத் தெரியவில்லை.

அந்தக் கூடுதல் விலை தோட்டம் வரைக்கும் வர ஒரு வழி உண்டு. ஆலை தன் குளத்தை மூட வேண்டும். நிலம் 2008 ஜனவரி 1க்குப் பிறகு காடழித்து உண்டானதல்ல என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அந்தச் செம்பனை எண்ணெய்க்குக் கோர்சியாவின் 76.5 புள்ளி கிடைக்கும். பழைய ரப்பர்த் தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியவர்களிடம் நிலப் பட்டா இருக்கும், நடவு ஆண்டுக் கணக்கும் இருக்கும். குலை விற்ற ரசீதைத் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் மட்டும் பல சிறுதோட்டக்காரர்களிடம் இல்லை. வாங்கும் ஆலையின் குளம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்கும் வழக்கமும் இதுவரை இல்லை. குலையை லாரியில் ஏற்றி எந்த ஆலைக்கு அனுப்புவது என்பது தங்கள் கையில் இருப்பவர்கள், அடுத்தமுறை விலையோடு இதையும் கேட்டுப் பார்க்கலாம்.